மிளகு எடுக்காத போன்

"டீச்சர், இந்த நாய் தேறாது. வேற நாயைக் குடுங்க."

அந்த வாரத்தில் மாசானம் இதைச் சொல்வது மூன்றாவது முறை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. நடமாட முடியாதவர்களுக்குத் துணை நாய்களைப் பழக்கும் ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார்.

ரெஜினாவுக்கு முப்பத்தைந்து. பதினாறு வருஷமாகச் சக்கர நாற்காலி. அவர் மாசானத்தை 'அண்ணே' என்பார். மாசானம் அவரை 'டீச்சர்' என்பார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமே பண்ணலை. அதான் ரோதனை. தோட்டத்துல எதை வீசினாலும் கவ்விட்டு வருது. நீங்க நாற்காலியில இருந்து போனைத் தவறவிட்டா மட்டும் கல்லு மாதிரி நிக்குது. என் மூஞ்சியைப் பாக்குது."

மிளகு இரண்டு வயதுக் கறுப்புப் பெட்டை. அப்போதும் அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ரெஜினா மடியில் இருந்த டப்பாவைத் திறந்தார். வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை எடுத்து மாசானத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாய்க்குக் குடுக்கவா?"

"இல்லண்ணே. உங்களுக்கு."

"எனக்கா!"

"யார் எடுக்கறாங்களோ அவங்களுக்குத்தானே தீனி?"

மாசானத்துக்குச் சுருக்கென்றது.

"கீழ கெடக்கறதை எடுத்துக் குடுத்தது தப்பா டீச்சர்? நீங்க கஷ்டப்படறதைப் பாத்துக்கிட்டு மரம் மாதிரி நிக்கச் சொல்றீங்களா?"

ரெஜினா டப்பாவை மூடினார்.

மாசானம் துண்டைத் தரையில் போட்டார். மிளகு அதை மட்டும் உடனே எடுத்துக்கொண்டது. அவருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

திங்கட்கிழமை இருதயராஜ் வருகிறார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த கொத்தனார். மனைவி மில் வேலைக்குப் போய்விடுவாள். போன மாதம் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். போன் மேஜைக்கு அடியில் போய்விட்டது. அவள் திரும்பி வரும்வரை, நாலு மணி நேரம், அப்படியே கிடந்தார்.

அவருக்காகத்தான் மிளகு.

"இன்னும் ரெண்டே நாள்" என்றார் மாசானம். "இதை நம்பி அந்த மனுசனை எப்படி விடறது? நீங்களே சொல்லுங்க."

ரெஜினா தன் போனை எடுத்தார். தரையோடு வழுக்கிவிட்டார். அது பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது.

பிறகு நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டார். கைப்பிடியை அழுத்தி உடம்பைத் தூக்கி, முன்னால் சரிந்து, தரையில் விழுந்தார்.

முழங்கை சிமெண்டில் உரசியது.

"டீச்சர்!"

"அங்கேயே நில்லுங்க."

"ரத்தம் வருது டீச்சர்!"

"தெரியும். மிளகு, எடு."

மிளகு பெஞ்சைப் பார்த்தது. ஒரு எட்டு வைத்தது.

மாசானத்தின் கால் தானாக முன்னே வந்தது.

மிளகு நின்றுவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தது.

"சனியனே, எடேன்!" என்று கத்தினார்.

மிளகு வாலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

ரெஜினா தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கையிலிருந்து ஒரு சொட்டு சிமெண்டில் விழுந்தது.

மாசானத்தின் கை பரபரத்தது. பெஞ்சு இரண்டு எட்டுத் தூரம்தான். குனிந்தால் முடிந்தது.

மிளகும் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

ஒரு எட்டு பின்னால் போனார்.

மிளகின் காது நிமிர்ந்தது.

இன்னொரு எட்டு. முதுகு சுவரில் இடித்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார். அப்படியே சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எந்தக் காவலுக்கும் இவ்வளவு நேரம் நின்றதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"மிளகு, எடு" என்றது ரெஜினாவின் குரல்.

நகங்கள் சிமெண்டில் கீறும் சத்தம். பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு மூச்சிரைப்பு.

அவர் திரும்பவில்லை.

சட்டைப் பையில் அவருடைய போன் அடித்தது. தடவி எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணே" என்றது போன். "கொஞ்சம் வந்து தூக்கிவிடறீங்களா?"