பெயர் விட்டுப்போன உதரவிதானம்

அந்தக் காலத்தில் காக்கை பேசும், அணில் பேசும், ஆமைகூட நின்று நிதானமாக நாலு வார்த்தை பேசும். இது எல்லோருக்கும் தெரியும். உடம்புக்குள் இருந்தவர்களும் பேசினார்கள் என்பதைத்தான் ஒருத்தரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக நர்சிங் பிள்ளைகளுக்கு உடற்கூறு எடுக்கிறேன், நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மலையடிவாரத்தில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. கணவன் சோணை தேன் எடுக்க மலைக்குப் போயிருந்தான். துணைக்கு அவன் தங்கை ராக்காயி கூடவே இருந்தாள். அவர்கள் இருவரும் அடுப்படியில் இருக்கட்டும், நாம் வெள்ளச்சியின் உடம்புக்குள் போவோம்.

உள்ளே இரண்டு ஊர். நெஞ்சுக்குள் மேலூர், வயிற்றுக்குள் கீழூர். மேலூருக்கு இதயம் நாட்டாமை. அவருக்கு இரண்டு பக்கமும் நுரையீரல் அண்ணனும் தம்பியும். நாட்டாமைக்கு இடம் விட்டு உட்கார்ந்ததில் இடப்பக்கத்துத் தம்பி கொஞ்சம் ஒடுங்கிப்போனான். ஆனால் வாய் மட்டும் ஒடுங்கவில்லை. "இந்த உடம்புக்கு மூச்சு விடுறதே நாங்கதான்" என்று நாளுக்கு நூறு தடவை பீற்றிக்கொள்வான். கீழூருக்குப் பெரிய மனுஷி கல்லீரல் பெரியம்மா. கனத்த சரீரம், வலப்பக்கம் முழுக்க அவள் ராஜ்யம்தான்.

இரண்டு ஊருக்கும் நடுவில் குறுக்கே ஒருவன் கிடந்தான். உதரவிதானம் என்று பேர். மெல்லிசான தசை, விரித்த குடைபோல மேல்நோக்கி வளைந்திருப்பான். அவன் உடம்பிலேயே மூன்று வாசல் உண்டு. மேலிருந்து ரத்தம் இறங்க ஒன்று, கீழிருந்து ரத்தம் ஏற ஒன்று, சோறும் தண்ணீரும் போக ஒன்று. பேர் நீளமாக இருந்ததாலோ என்னவோ, ஒருத்தரும் அவனை வாய் நோகக் கூப்பிட்டதில்லை. இரண்டு ஊருக்கும் அவன் வெறும் "சுவரு". இன்றைக்கும் என் முதலாமாண்டுப் பிள்ளைகளைப் படம் போடச் சொன்னால் இதயத்துக்குச் சிவப்பு, நுரையீரலுக்கு ரோஸ், இவனுக்கு மட்டும் பென்சிலில் ஒரு கோடு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுப்பு முடிந்து புதுநெல்லில் பொங்கல் வைத்தால் உள்ளேயும் திருவிழாதான். வெள்ளச்சி முதல் கவளத்தை வாயில் வைத்ததும் பங்கு பிரிப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். கூப்பிடாமல் கை நீட்டுவது கேவலம். மேலூர்ப் பட்டியலை இதயம் வாசிப்பார், கீழூர்ப் பட்டியலைக் கல்லீரல் வாசிப்பாள். எல்லையில் வீடு கட்டினவன் பாடு தெரியுமல்லவா? அவன் கீழூர்க்காரன் என்று மேலூரில் விட்டுவிட்டார்கள். அவன் மேலூர்க்காரன் என்று கீழூரில் விட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் அவன் வாசல் வழியாகத்தான் பொங்கல் கீழே இறங்கும். நெய் வாசனை மட்டும் அவனுக்கு.

அவனும் ரோஷக்காரன், கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷம் வேலை முதுகை ஒடித்தது. வயிற்றுக்குள் பிள்ளை வளர்ந்து வளர்ந்து அவனை இரண்டு விரல் மேலே தள்ளிவிட்டிருந்தது. அப்படியும் அவன் ஒரு மூச்சைக்கூடத் தவறவிடவில்லை. இந்த வருஷமாவது கூப்பிடுவார்கள் என்று நம்பிக் காத்திருந்தான்.

இரண்டு பட்டியலும் வாசித்து முடிந்தது. மண்ணீரலைக்கூடக் கூப்பிட்டார்கள். இவன் பேர் வரவில்லை.

"நாட்டாமை, என் பேரு விட்டுப்போச்சு" என்றான் உதரவிதானம்.

இதயம் வாயைத் திறப்பதற்குள் இடது நுரையீரல் முந்திக்கொண்டான். "சுவத்துக்கு எதுக்குடா பொங்கலு? பூசி விடவா?"

மேலூரும் சிரித்தது, கீழூரும் சிரித்தது. கல்லீரல் பெரியம்மாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சரி. சுவரு சுவராவே இருக்கட்டும்" என்றான் உதரவிதானம். அப்படியே அசையாமல் நின்றுவிட்டான்.

அவ்வளவுதான். வெள்ளச்சிக்கு அடுத்த மூச்சு வரவில்லை. கையிலிருந்த கவளம் நழுவியது. "மதினி! ஐயோ, என்ன மதினி செய்யுது?" என்று ராக்காயி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். வெள்ளச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்தது.

உள்ளே ஒரே களேபரம். இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டார். "டேய் தம்பிகளா, மூச்சு விடுங்கடா! பிள்ளைத்தாச்சிடா!"

நுரையீரல் இரண்டு பேரும் முழித்தார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் இருந்த தசைக்காரர்கள் தங்களால் ஆனமட்டும் இழுத்துப் பார்த்தார்கள், பத்தவில்லை.

"ஏண்டா, நாங்கதான் மூச்சு விடுறோம்னு வாய் கிழியப் பேசினீங்களே!" என்று கீழேயிருந்து அதட்டினாள் கல்லீரல்.

"பெரியம்மா... நாங்க வெறும் பை" என்றான் இடது நுரையீரல். அழாத குறை. "எங்களுக்குன்னு இழுக்கத் தசை கிடையாது. கீழயிருந்து யாரோ இழுப்பாங்க, நாங்க நிறைவோம். விடுவாங்க, வடிவோம். யாருன்னு நாங்க கேட்டதே இல்ல."

எல்லோரும் நடுவில் கிடந்தவனைப் பார்த்தார்கள். அவன் ஒருவரையும் பார்க்கவில்லை. வயிறெரிந்துபோய்க் கிடந்தான். கிடக்கட்டும், எத்தனை வருஷமாகப் பேர் சொல்லாமல் விட்டார்கள்!

அப்போது கீழேயிருந்து ஓர் உதை விழுந்தது. சின்னக் கால். பிள்ளை தவித்தது. இன்னொரு உதை, முன்னதைவிட மெதுவாக. மூன்றாவது உதை விழவே இல்லை.

உதரவிதானத்துக்குத் திக்கென்றது. இந்தப் பிள்ளைக்கும் இன்னும் பேர் வைக்கவில்லை. இதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மேலூர், கீழூர் என்று யாரும் இதைக் கூப்பிட்டதில்லை. பேரில்லாமல் கிடப்பது எப்படி வலிக்கும் என்று தெரிந்த நானே இதைச் சாகவிடுவதா என்று நினைத்தான்.

தன் பலத்தையெல்லாம் திரட்டி வெடுக்கென்று கீழே இழுத்தான். காற்று பாய்ந்து வந்தது. பாய்ந்த வேகத்தில் தொண்டையில் குரல்வளைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. "விக்!"

உலகத்தின் முதல் விக்கல் அதுதான்.

வெள்ளச்சிக்கு மூச்சு வந்தது. உதட்டில் ரத்தம் ஏறியது. அடுத்த நொடி பிள்ளை உதைத்தது, நன்றாக, ஓங்கி. ஆனால் உதரவிதானத்துக்கு உயிர் காப்பாற்றின படபடப்பும் அடங்கவில்லை, பழைய கோபமும் தீரவில்லை. மூச்சுக்கு நடுவில் உதறிக்கொண்டே இருந்தான். விக்! விக்!

இதயம் எழுந்து நின்றார். நாட்டாமை எழுந்து நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. "உன் முதுகுமேலதான் இத்தனை நாளும் உக்காந்திருக்கேன், உன்னைத் தெரியாமப் போச்சே" என்றார். பிறகு இரண்டு ஊருக்கும் கேட்கக் கூப்பிட்டார். "உதரவிதானம்! மேலூர்ப் பட்டியல்ல முதல் பேரு!"

"கீழூர்லயும் அவன்தான் முதல்!" என்று கல்லீரல் கத்தினாள். "உதரவிதானம்!"

நுரையீரல் இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். தம்பி குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

அதே சமயம் வெளியே ராக்காயி செம்பில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். விக்கல் என்றால் என்னவென்றே தெரியாதே, பாவம். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தேற்றினாள். "ஒண்ணுமில்ல மதினி, யாராவது நினைப்பாங்க. உங்க அம்மா நினைக்குதோ? இல்ல, மலையில எங்க அண்ணன் நினைக்குதோ?"

வெள்ளச்சி தண்ணீரை விழுங்கினாள். அது உதரவிதானத்தின் வாசல் வழியாகக் குளிர்ந்து இறங்கியது. உள்ளே அவன் பேர் ஒலித்துக்கொண்டிருந்தது. விக்கல் நின்றது.

"பாத்தீங்களா மதினி! எங்க அண்ணனேதான்!" என்று கை தட்டினாள் ராக்காயி.

"அடப்பாவமே, பேரை அந்தச் சோணை தட்டிட்டுப் போயிட்டானே!" என்றான் இடது நுரையீரல்.

உதரவிதானம் முதல் தடவையாகச் சிரித்தான். "தட்டிட்டுப் போகட்டும். நீங்க நினைச்சீங்க, அதான் நிஜம். இனிமே நீங்க தூங்கினாலும் நான் தூங்கமாட்டேன், இழுத்துக்கிட்டே இருப்பேன். ஆனா மறந்தீங்கன்னா உதறுவேன்" என்றான். பிறகு தன் பங்குப் பொங்கலை, பேர் சொல்லிக் கொடுத்த பொங்கலை, நிதானமாக வாங்கிக்கொண்டான்.

இதையெல்லாம் கீழே சுருண்டு கிடந்த பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான் விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுக்கிறோம். அன்று முதல்தான், தனக்கே இன்னும் ஒரு பேர் வைக்கப்படாத பிள்ளைகூடத் தாய் வயிற்றுக்குள் இருந்தபடியே விக்கி விக்கி உதரவிதானத்தைக் கூப்பிடுகிறது.