நாவல் மரத்தைத் தாண்ட ஒரு துணை

புன்னைக் காட்டில் நாரை டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். முயல், குரங்கு, அணில், கீரி என்று குட்டிகள் எல்லாரும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் குளக்கரைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்து நர்ஸ் ஆமையம்மா அங்கேதான் இருந்தாள். அவள் நடந்து வந்து சேர்வதற்குள் நோய் தானாகவே போய்விடும் என்பதால், நோயாளிதான் அவளைத் தேடிப் போவது வழக்கம். தனியாக அல்ல, கூட ஒரு துணையோடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் போகிற வழியில் ஒரு நாவல் மரம் இருந்தது.

ஆனி மாதம் பிறந்து பழம் கனிந்ததும் வகுப்பில் வயிற்றுவலி பரவியது. அணிலுக்கு வயிற்றுவலி என்றால் குரங்குக்குட்டி கிச்சான் துணை. கிச்சானுக்குத் தலைவலி என்றால் கீரி துணை. நோயாளி ஆவதைவிடத் துணைக்குப் போகத்தான் அடிதடி. போனவர்கள் ஆமையம்மாவின் பக்கமே எட்டிப் பார்க்காமல், வயிறு முட்டப் பழம் தின்றுவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஒருநாள் நாரை டீச்சர் கிச்சானின் வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கு கருநீலமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக நாக்கை நீட்டச் சொன்னாள். முயல்குட்டி மொச்சையின் நாக்கு ஒன்றுதான் சொந்த நிறத்தில் இருந்தது. இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமே என்று டீச்சருக்குக் கோபம் பொங்கியது. இனி யாருக்கும் துணை கிடையாது, நோய் வந்தவர் தனியாகப் போய் வரட்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டுவிட்டாள்.

தனியாகத் தின்பதில் என்ன ருசி இருக்கிறது? வயிற்றுவலி வகுப்பைவிட்டே ஓடிப்போனது. தான் செய்தது சரிதான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், மொச்சை பின்காலைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"டீச்சர், கால்ல ஏதோ கொட்டிடுச்சு. விறுவிறுன்னு ஏறுது."

கிச்சான் எழுந்தான். மொச்சை அவனுடைய உயிர்த் தோழி. அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவனுக்குத் தெரியும்.

"நான் கூடப் போறேன் டீச்சர். நிஜமாத்தான்."

"எங்கே, நாக்கைக் காட்டு!" என்றாள் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. கிச்சான் கூனிக்குறுகி உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. மொச்சை நொண்டிக்கொண்டே தனியாகப் போனாள்.

பாடம் நடந்தது. மொச்சை ஆமையம்மாவிடம் படுத்திருக்கிறாள் என்று டீச்சர் நினைத்தாள். மொச்சை வகுப்பில் இருக்கிறாள் என்று ஆமையம்மா நினைத்தாள். பாவம், அந்தக் குட்டி இரண்டு இடத்திலும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மகளைக் கூட்டிப் போக வந்த தாய் முயல், குளக்கரைக்கு ஓடினாள்.

"என்கிட்ட இன்னிக்கு யாருமே வரலையேம்மா" என்றாள் ஆமையம்மா.

மொச்சை நாவல் மரத்தடியில் கிடந்தாள். உதிர்ந்த பழங்களுக்கு நடுவே, நினைவில்லாமல். கொட்டியது கருந்தேள். கால் தொடைவரை வீங்கிப் போயிருந்தது.

ஆமையம்மா அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டாள். காலைக் காப்பாற்ற முடியவில்லை. கொட்டிய உடனே யாராவது கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தால் ஒரு பச்சிலைப் பற்றோடு போயிருக்கும் என்று அவள் சொன்னபோது, நாரை டீச்சர் தலையே நிமிரவில்லை.

மறுநாளே துணை திரும்ப வந்தது. துணைக்குப் போகிறவர் நோயாளியை ஆமையம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, உடனே திரும்பி வந்து டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்பது புது ஏற்பாடு. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். யோசிக்கத்தான் கோபம் விடவில்லை.

மொச்சை இப்போது தாவுவதில்லை. கிச்சான்தான் அவளைத் தினமும் மருந்து கட்ட முதுகில் சுமந்து குளக்கரைக்குக் கொண்டுபோகிறான். நாவல் மரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் மொச்சை அவன் தோளைத் தட்டினாள்.

"ரெண்டு பழம் பறிச்சுக் குடுடா. நான் ஒரு தடவைகூடத் தின்னதே இல்ல."

கிச்சான் அழுதுகொண்டே மரம் ஏறினான்.

பொய் சொன்னவர்களைத் தண்டிப்பதாக நினைத்து, உண்மையாகவே நோகிறவரின் துணையைப் பறித்துவிடக் கூடாது.