தம்பியின் மடலுக்கு எந்த இடம்

“எந்தக் கணக்கும்மா சரி?” என்று கேட்டார் சீடர்.

சீடர் தைரியநாதனுக்குத் தலை முழுக்க நரை. மின்னஞ்சல் மென்பொருளில் அவருக்குக் குருவாக வாய்த்த சுடர்விழிக்கு அவர் மகள் வயதுதான். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. இன்றைக்கு வெட்கம் வேறு.

தூத்துக்குடியிலிருந்து ரெஜினா என்பவர் புகார் எழுதியிருந்தார். கப்பலில் வேலை பார்த்த தம்பிக்குக் கோபத்தில் கண்டபடி மடல் எழுதியவர் அவர். அதே நாளில் தம்பியும் ஒன்று எழுதியிருந்தான்: ‘உடம்பைப் பாத்துக்கக்கா.’

அதுவே கடைசி. அவன் கரை திரும்பவில்லை.

திட்டியதைப் படித்த பிறகும் அன்பாகத்தானே எழுதினான் என்று ரெஜினா பல வருடங்களாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். நேற்றுவரை திரையில் அவன் மடல் பிந்தையதாக, அவருடையதற்குக் கீழே இருந்தது. தைரியநாதன் நிரலைத் திருத்தியதும் முந்தையதாகி மேலே போய்விட்டது. எது உண்மை என்று கேட்டிருந்தார்.

“மடல்ல இருக்கறது எந்த நாட்டு மணின்னு காட்ட அந்தக் கப்பல்ல ஒரே ஒரு எழுத்துதான் போட்டிருக்காங்க. பழைய முறை. அதைப் பொது நேரமா மாத்த, அன்னைக்கு இருந்த மின்னஞ்சல் விதிப்படி மணியைக் கூட்டினேன். விதியிலயே கூட்டல் கழித்தலைத் தலைகீழா எழுதிட்டாங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. கழிச்சுட்டேன்.”

“விதியை நம்பி எழுத்துப் போட்டவங்களும் உண்டு சார். விதி தப்புன்னு தெரிஞ்சு சரியாப் போட்டவங்களும் உண்டு. அந்தக் கப்பல் எந்த ரகம்?”

“தெரியாதே.”

“அதையே சொல்லுங்க.”

“எதை?”

“தெரியாதுங்கறதை.”

“பழையபடி கீழயே வச்சுடறேனே. பாவம், அந்தம்மா நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்.”

குரு மறுக்கவில்லை. விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார். பிறகு தொலைபேசியையும் தள்ளினார்.

தைரியநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை மடல்களுக்கு இப்படிக் கூசாமல் நேரம் குறித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்தார்.

ரெஜினாவிடம் ஒளிக்காமல் சொன்னார். கூட்டியதும் ஊகம், கழித்ததும் ஊகம், இரண்டும் தன்னுடையவை என்றார். மன்னிப்பும் கேட்டார்.

ரெஜினா அழவில்லை.

“அப்போ இத்தன வருசமா என்னைய மன்னிச்சது,” என்றார், “நீங்கதானா சார்?”