குப்பைக்கூடையில் வாழைப்பூ

எங்கள் மடத்தில் இலை போடுவதும் எடுப்பதும் என் வேலை. ஞானம் பற்றியெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பசியைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். மத்தியானம் ஒரு மணி ஆனால் நாற்பது பேராவது வந்துவிடுவார்கள். மலைக்கோயிலுக்கு நடக்கிறவர்கள், வாய்க்கால் வேலைக்கு வந்தவர்கள், வீட்டில் உலை வைக்க ஆளில்லாதவர்கள். யாரையும் என்ன ஏது என்று கேட்பதில்லை. சோறு உண்டு.

சமையல் ஆவுடையக்கா. வயது ஐம்பத்தாறு. மடத்துச் சாமிக்கு நாற்பதுதான் இருக்கும். ஆனாலும் அவர் குரு, அக்கா சிஷ்யை. உபதேசம் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. சாமி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை அக்கா மஞ்சள் பூசணி ஒன்றை எடுத்து அரிவாள்மனையில் வைத்துப் பிளந்தாள். பரணில் ரொம்ப நாள் கிடந்த காய். பிளந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, அழுகிருச்சா?" என்று எட்டிப் பார்த்தேன்.

அழுகவில்லை. உள்ளே விதையெல்லாம் முளைத்திருந்தது. வெள்ளை வேரும் வெளிறின இலையுமாக, இருட்டுக்குள்ளேயே வளர்ந்திருந்தது. ஒரு பாதி முளைகளை அரிவாள் நறுக்கியிருந்தது.

"உள்ள பிள்ளைங்க எல்லாம் எழும்பி நிக்கிதுங்க கொம்பையா" என்றாள் அக்கா. "நான் பாட்டுக்கு வெட்டிட்டேனே."

"முத்துன காய்க்கா. வேற எடுங்க. நேரமாச்சு."

அக்கா வேறு எடுக்கவில்லை. அந்தக் காயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு, நேராகச் சாமியிடம் போனாள்.

"சாமி, ஒரு உயிரை எடுக்காம உயிர் வாழ வழி இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைக்கா."

"அப்போ நான் சாப்பிடலை. வெட்டவும் மாட்டேன்."

"சரி" என்றார் சாமி.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு மனுஷி சாப்பிட மாட்டேன் என்கிறாள், இவர் சரி என்கிறார். நாற்பது பேருக்கு யார் பொங்குவது? நான்தான் பொங்கினேன். சோறு குழைந்தது. ரசம் என்று ஒன்று வைத்தேன். குடித்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அக்கா அன்று, தானாக விழுந்த கொய்யாப் பழம் ஒன்றை எடுத்தாள். கடித்தவள், விதை பல்லில் பட்டதும் துப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். இதில் விதையே கிடையாது பார் என்று முகமெல்லாம் சிரிப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"தாரு வெட்டும்போது வாழையவே சாய்ச்சிருவோமேக்கா."

அக்கா பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பாலைக் காய்ச்சிக் கொண்டு வந்து நீட்டினேன். கன்றுக்குட்டி கட்டியிருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். அதற்கப்புறம் வெறும் தண்ணீர்தான்.

புதன்கிழமை சாயங்காலம் எழுந்து நின்றவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நான் பிடிக்காவிட்டால் அடுப்பின் மேல் விழுந்திருப்பாள். அடுக்களைச் சுவர் ஓரமாகப் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டுச் சாமியிடம் ஓடினேன்.

"சாமி, அக்கா செத்துப் போயிருவாங்க."

"சாப்பிடச் சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? கேக்க மாட்டேங்காங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் சொல்லிச் சாப்பிட்டா, நான் இல்லாத அன்னைக்கு என்ன செய்வாங்க?"

உங்கள் ஞானத்தில் இடி விழ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் சாமி அடுக்களைக்குள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"கொம்பையா, இன்னைக்கு நான் சமைக்கேன். காயெல்லாம் கொண்டா."

அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கொண்டு போய் வைத்தேன். ஒரு முழுப் பூசணி, ஐந்து கட்டுத் தண்டங்கீரை, நாலு வாழைப்பூ. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் குப்பைக்கூடை.

வெட்டினார் பாருங்கள், அப்படி ஒரு வேகம். தயக்கமே கிடையாது. பூசணித் தோலைச் சீவுகிறேன் என்று கால்வாசிச் சதையையும் சேர்த்துச் சீவினார். தோல் கூடைக்குப் போனது. குடலும் விதையும் அதன் பின்னாலேயே போயின.

பாயில் படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கினாள்.

"சாமி, தோலைக் கொஞ்சம் மெல்லிசாச் சீவுங்க."

"ஆகட்டும்க்கா."

அடுத்த துண்டு இன்னும் கனமாகப் போய் விழுந்தது.

கீரையை எடுத்தார். நுனி இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு கட்டோடு கூடையில் போட்டார்.

"ஐயையோ, தண்டு! தண்டுல தானே ருசியே இருக்கு!"

"அப்படியா?" என்றபடி அடுத்த கட்டையும் போட்டார்.

அப்புறம் வாழைப்பூ. இரண்டை எடுத்து மடலைப் பிரித்தார். உள்ளே சீப்புச் சீப்பாக இருக்கிற பூவை அப்படியே வழித்துக் கூடையில் தட்டினார். மடலைப் பத்திரமாகச் சட்டியில் போட்டார்.

நிஜமாகவே அவருக்குத் தெரியாதா, இல்லை தெரிந்துதான் செய்தாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைப் பார்த்து நானே இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன்.

"எந்திரிங்க சாமி."

"ஏன்க்கா?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க! நீங்க செய்யுதது அடுக்குமா? வெட்டியாச்சு. அது செத்தாச்சு. அதைக் கொண்டு போய்க் குப்பையில போட்டா, பாவம், அது என்னத்துக்குச் செத்துச்சு?"

சாமி அரிவாள்மனையை விட்டு எழுந்தார்.

"தெரியலைக்கா. நீங்களே பாருங்க."

அக்கா கூடையைத் தரையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மூன்று தண்ணீரில் அலசினாள். கஞ்சித் தண்ணியாவது குடிச்சிட்டுச் செய்யுங்களேன் என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை.

பூசணித் தோலில் ஒட்டியிருந்த சதையைச் சுரண்டி எடுத்தாள். தோலை வதக்கித் துவையல் அரைத்தாள். விதையை அலசி வெயிலில் பரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தண்டை நார் உரித்துப் புளிக்குழம்பில் போட்டாள். வாழைப்பூவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூவிலும் நரம்பை இழுத்துப் போட்டுவிட்டு மோரில் போட்டாள். மீதி இருந்த இரண்டு பூவையும் பிரித்து அரிந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கை நின்றது. அப்புறம் மெதுவாக வெட்டியது.

எல்லாம் முடிந்தபோது கூடையில் பசுமாட்டுக்குப் போட மடலும் கொஞ்சம் நாரும்தான் மிச்சம்.

அன்றைக்குப் பந்தி ஒன்றரை மணி நேரம் தாமதம். சாப்பிட்டவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்று நாள் என் ரசத்தைக் குடித்தவர்கள் அல்லவா!

கடைசியாக அக்காவுக்கு ஓர் இலை போட்டேன். வேண்டாம் என்பாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து உட்கார்ந்தாள். சாமியும் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். நானே பரிமாறினேன்.

அக்கா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். எடுத்த கை வாய்க்குப் போகாமல் நின்றது. விரலெல்லாம் நடுங்கியது. பசியினால் வந்த நடுக்கம் மட்டும் இல்லை, எனக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சாமி, இன்னும் அது உயிருன்னுதான் தோணுது."

"உயிர்தான்க்கா."

"வெட்டும்போது அதுக்கு வலிச்சிருக்குமோ?"

"வலிச்சிருக்கலாம்."

"அரிவாள்மனையில உக்காந்தா கை நடுங்குது. இப்போ வாயில வைக்கவும் நடுங்குது. இது எப்போ சாமி என்னை விட்டுப் போகும்?"

சாமி அந்தக் கையைப் பார்த்தார்.

"எதுக்குப் போகணும்? நடுங்காத கை வெட்டுனதைத்தான் காலையில பார்த்தீங்களே."

அக்கா கையிலிருந்த சோற்றை வாயில் வைத்தாள்.

அவள் எழுந்து போன பிறகு இலை எடுக்கப் போனேன். இலையில் ஒரு கறிவேப்பிலைகூடக் கிடக்கவில்லை.