பதினெட்டு வயசாகாத பசு

ஏமாங்குளத்தில் மூணு பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை, போர்டைப் பார்க்கிற வரைக்கும். தங்கமுடி முதலாளி. பூவலிங்கம் புரோகிராம் எழுதுகிறவன். இருளாண்டிக்கு என்ன வேலை என்று இருளாண்டிக்கே தெரியாது. மூணு பேருமே தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி அப்படியே செய்வார்கள். அங்கேதான் வந்தது வினை.

கால்நடை மருத்துவ முகாமுக்கு வெப்சைட் செய்யச் சொல்லி ஊராட்சித் தலைவி அன்னக்கொடி அவர்களைக் கூப்பிட்டார்.

"கண்டபடி கூட்டம் உள்ள நுழையக் கூடாது. வெப்சைட்டுல பதிஞ்சு, சரின்னு வந்தாத்தான் கேட்டைத் திறக்கணும். வெளியே விடும்போதும் அப்படித்தான். படிவத்துக்குப் படிவம் புதுசா எழுதி நாளைக் கடத்தாதீங்கப்பா. ஒண்ணு எழுதுங்க, எல்லாத்துக்கும் அதையே வைங்க."

சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

உள்ளே வருகிற தகவல் சரியா தப்பா என்று சர்வர் பார்ப்பதற்கு ஒரு விதிப்பட்டியல் எழுதி வைப்பார்கள். பெயர் காலியாக இருக்கக் கூடாது, செல் நம்பர் பத்து இலக்கம் இருக்கணும், இந்த மாதிரி. அதற்கு ஸ்கீமா என்று பெயர். ஒரு தடவை எழுதிவிட்டால் வேண்டிய இடத்திலெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். விவரமானவர்கள் ஆளுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று எழுதுவார்கள். நம்ம ஆட்கள் கூடிப் பேசினார்கள்.

"எல்லாத்துக்கும்னா, மாட்டுக்குமா?" என்று கேட்டான் இருளாண்டி.

தங்கமுடி ரொம்ப நேரம் யோசித்தார். "எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்கும்தான். மாட்டை விட்டுட்டா அது கோவிச்சுக்காதா?"

பூவலிங்கம் ஒரே ஒரு ஸ்கீமா எழுதினான். பெயர், வயது பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், செல் நம்பர். மூணே வரி. மூணு பேரும் கைகொடுத்துக் கொண்டார்கள்.

முகாம் அன்றைக்குக் காலையில் முதல் ஆளாகப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தவள் ஒச்சம்மா. அவள் குடும்பமே அந்த ஒரு சிவலைப் பசுவின் பாலில்தான் ஓடுகிறது. அது ராத்திரியிலிருந்து அசை போடவில்லை, வயிறு பானையாக உப்பிக் கிடக்கிறது. இன்னும் ரெண்டு மணி நேரம் போனால் பசு தேறாது என்று அவளுக்கே தெரியும்.

கேட்டருகே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த பூவலிங்கம் முதலில் அவளைப் பதிந்தான். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு, செல் நம்பரும் இருந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து மாடு.

"மாட்டுக்கு என்ன வயசு ஆத்தா?"

"ஆறு."

பூவலிங்கம் வருத்தத்தோடு தலையை ஆட்டினான். "பதினெட்டு ஆகலையே. இன்னும் பன்னிரண்டு வருசம் கழிச்சு கூட்டிட்டு வாங்க."

"அட கொள்ளையில போறவனே! அது வரைக்கும் மாடு உசுரோட இருக்குமா? அது மாடுய்யா!"

"சரி ஆத்தா, வயசை அப்புறம் பார்ப்போம். அதோட செல் நம்பர் சொல்லுங்க."

ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டு தன் நம்பரையே சொன்னாள். இருளாண்டி அவள் போனை வாங்கி மாட்டின் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். "நாலு இலக்க எண் வந்திருக்கு. மாடே படிச்சுச் சொல்லணும், நாம சொல்லக் கூடாது."

மாடு, அதுக்கு இருந்த வலிக்கு, இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒச்சம்மா மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். பெண்பிள்ளை அழுதால் தங்கமுடிக்கு மனசு தாங்காது.

"பூவலிங்கம், ஸ்கீமாவை மாட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்துடா. ஒரு இடத்துல மாத்தினாப் போதும், எல்லா இடத்துலயும் மாறிடும். அதுதானே இதுல இருக்கிற சௌகரியம்!"

மாற்றினான். கால் நான்கு, வால் ஒன்று, கொம்பு இரண்டு. சிவலைப் பசு கம்பீரமாகப் பாஸாகி உள்ளே போனது. ஒச்சம்மாவும் கூடவே ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் அருமைநாயகம் பைக்கில் வந்து இறங்கினார். கேட்டில் இருளாண்டி மறித்தான்.

"சார், கால் எத்தனை?"

"கண்ணு தெரியலையா? ரெண்டு."

"நாலு வேணும் சார். சர்வர் ஒத்துக்க மாட்டேங்குது."

"யோவ், நான் டாக்டர்யா!"

"இருக்கலாம் சார். அதை எழுதக் கட்டம் இல்லையே."

டாக்டர் கத்தினார், கேட் சாவியைப் பிடுங்கப் பார்த்தார். சாவி இருளாண்டியின் இடுப்பு வேட்டிக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து ஒச்சம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்: "சாமி, மாடு படுத்துருச்சு சாமி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் குனிஞ்சு வாங்க!"

பாவம், நல்ல மனுசன். சுற்றுமுற்றும் பார்த்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ரெண்டு கையையும் தரையில் ஊன்றினார்.

"நாலு. சரி," என்றான் பூவலிங்கம். "வால்?"

ஸ்டெதஸ்கோப்பை எடுத்து பெல்ட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். கொம்புக்கு ரெண்டு ஊசிக்குழாயைக் காதில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் தவழ்ந்தே உள்ளே போய், எழுந்து ஓடி, பசுவின் வாயில் மருந்தை ஊற்றி விலாவைப் பிசைந்தார். கால் மணி நேரத்தில் மாடு விட்ட ஏப்பம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. பிறகு எழுந்து நின்று மெதுவாக அசை போட்டது. ஒச்சம்மா டாக்டர் காலில் விழுந்தாள், மாட்டைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், சிரித்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்து வந்தார்.

"சார், வெளியே போகணும்னாலும் நாலு காலு," என்றான் இருளாண்டி.

"இன்னொரு தடவை குனிஞ்சேன்னா என் பேரு அருமைநாயகம் இல்ல! ரெண்டு காலுக்கு மாத்துறியா, இல்ல இந்தப் பெரிய ஊசியை உனக்குப் போடவா?"

மூணு பேரும் ஒதுங்கி நின்று அவசரமாக ஆலோசித்தார்கள்.

"ஊசி பெருசா இருக்குண்ணே," என்றான் இருளாண்டி.

"அப்ப மாத்திடுவோம். ஒரு இடத்துலதானே," என்றார் தங்கமுடி.

மாற்றினார்கள். கால் இரண்டு, வால் கூடாது, கொம்பு கூடாது. டாக்டர் பைக்கை உதைத்தார், திரும்பியே பார்க்காமல் பறந்துவிட்டார்.

"நல்ல வேளை, யாருக்கும் ஒரு குறையும் இல்லாம முகாம் முடிஞ்சுது," என்று தங்கமுடி பெருமூச்சு விட்டார்.

அப்போது ஒச்சம்மா, மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கு வந்தாள். பூவலிங்கம் திரையைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"ஆத்தா, கோவிச்சுக்காதீங்க. வாலையும் கொம்பையும் ஒரு துண்டைப் போட்டு மறைச்சுக்கலாம். கேட்டைத் தாண்டுற வரைக்கும் முன்னங்கால் ரெண்டையும் கொஞ்சம் தூக்கிக்கச் சொல்லுங்களேன்."