பங்கா இழுத்தவன் வழக்கு

வெள்ளாங்கரை முன்சீப் கோர்ட்டில் கூரையில் தொங்கிய பங்காவை இழுத்துக் காற்று வரவழைத்தவன் மாடக்கண்ணு. கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும். அங்கே ஒண்டியாக உட்கார்ந்து இழுப்பான். இருபது வருஷத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ, பங்கா!" அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மதியம் கயிறு அறுந்துபோனது. முன்சீப் நரசிங்க ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆளை உள்ளே இழுத்து வரச் சொன்னார்.

"வேணும்னே நிறுத்திட்டே. பத்து நாள் ஜெயில்!"

மாடக்கண்ணு கும்பிட்டான். "எசமான், போன மாசம் ஒரு தோப்புக்காரர் தன் தேங்காயைத் திருடினவனுக்குத் தானே அபராதம் போட்டாரு. 'புகார் சொல்றவனே தீர்ப்பும் சொல்லக் கூடாது, அவன் ராஜாவா இருந்தாலும்'னு அதை ரத்து பண்ணினது நீங்கதான். இன்னிக்கு வேர்த்தது எசமானுக்கு."

வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உனக்கு யார்டா சட்டம் சொல்லிக் கொடுத்தா?"

"கயிறு வர்ற ஓட்டையில எசமான் குரலும் வருது. எனக்கு வேற பேச்சுத்துணை ஏது?"

ராயர் தொண்டையைச் செருமினார். "புகார் வாபஸ். போ."

"மூணு தரம் பேரைக் கூப்பிட்டுத்தானே எசமான் எல்லார் கேஸையும் எடுப்பீங்க? என் கேஸுக்கு மட்டும் கூப்பிடவே இல்லையே."

ராயர் கையைக் காட்ட, கோர்ட் சேவகனான டவாலி அவனிடமே பேரைக் கேட்டுக்கொண்டு, வாசலில் நின்று கத்தினான்: "மாடக்கண்ணு! மாடக்கண்ணு!"

எதிரிலேயே நின்றவன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான், "இருக்கேன் ஐயா" என்றான்.