அரங்கத்தில் சிரித்தவர்கள்

யாக்குபு தன் ஆசானைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். வடக்கு நைஜீரியாவில் கானோ நகரத்துப் பள்ளியொன்றில் இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே லாவன் வீட்டுக் கதவைத் தட்டினார். லாவன் ஹௌஸா மொழியில் படம் எடுப்பவர்.

"உங்கள் தொழிலை எனக்குக் கற்றுத்தர முடியுமா?" என்று கேட்டார்.

லாவன் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்தார். எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் "மாலம்" என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் ஆசிரியரைக் கூப்பிடும் சொல் அது.

லாவன் கல்யாண வீடுகளில் வீடியோ பிடித்துத் தொழிலுக்கு வந்தவர். அவருடைய முதல் படம் சந்தையில் கேசட்டாக விற்றது. பிறகு வந்தவை குறுந்தகடாக விற்றன. இப்போது ஜனங்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். முப்பத்தொரு படம் ஆகிவிட்டது. அவர் படத்தில் ஒரு பெண் பேசாமல் நின்றால் அரங்கமே பேசாமல் இருக்கும். அதை எப்படிச் செய்கிறார் என்பது மட்டும் ஐந்து வருடம் கூடவே இருந்தும் யாக்குபுவுக்குப் பிடிபடவில்லை.

ஆறாவது வருடம் யாக்குபு தானே ஒரு படம் எடுத்தார். ஒருவன் இரண்டாவது கல்யாணம் செய்துகொள்கிறான். புதுப்பெண் வருகிற அன்று மூத்த மனைவி பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறாள், தரையில் புரண்டு அழுகிறாள். அந்த ஒரு காட்சிக்கு நான்கு நாள் உழைத்திருந்தார்.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. அந்தக் காட்சி வந்ததும் பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஒரு வரிசை சிரித்தது. அப்புறம் எல்லோரும். திரும்பிப் பார்த்தார். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஹாஜரா, அவருடைய மூத்த மனைவி.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில் லாவனிடம் போனார்.

"மாலம், இந்தத் தொழில் எனக்கு வேண்டாம்."

"காலையில் சாப்பிட்டீர்களா?"

"இல்லை."

"வாருங்கள்."

சந்தைக்குப் போகிற சாலையில் ஒரு வேப்பமரத்தடியில் தெலு என்ற அம்மாள் மாசா சுட்டுக்கொண்டிருந்தார். நம் பணியாரம் போன்றது அது. குழிச்சட்டியில் புளித்த அரிசிமாவை ஊற்றிச் சுடுவார்கள். லாவன் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து நலம் விசாரித்தார்.

"இவர் யார்?" என்றார் தெலு.

"என் மாணவர்."

தெலு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லது" என்றார்.

"அம்மா, என் முதல் படத்தைப் பார்த்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இவருக்குச் சொல்லுங்கள்."

"சிரித்தேன்."

"எந்த இடத்தில்?"

"புருஷன் செத்த சேதி வந்ததும் அந்தப் பெண் தெருவெல்லாம் ஓடினாளே, அங்கே." இப்போதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "மறுநாள் இவன் சண்டைக்கு வந்துவிட்டான். கத்தினான். பாதியில் நிறுத்திவிட்டு, 'உங்களுக்குச் சேதி வந்த அன்று என்ன செய்தீர்கள்?' என்று கேட்டான். என் புருஷன் போய் அப்போது பதினோரு வருடம். அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை."

"என்ன செய்தீர்கள்?" என்றார் யாக்குபு.

"மாவு ஊற்றியிருந்தேன். ஆட்கள் காத்திருந்தார்கள். வெந்ததை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அடுப்பை அணைத்தேன். அதன் பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை."

சொல்லிவிட்டுச் சட்டியில் இருந்ததைத் திருப்பிப் போட்டார்.

"இவரிடம் சொல்லாமல் நான் ஒரு கதையும் எடுத்ததில்லை," என்றார் லாவன். "ஒரு சமயம் ஊரில் படப்பிடிப்பே நின்றுபோய், மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்தேன். தினமும் இங்கே வந்து உட்காருவேன். போ என்று ஒருநாளும் சொன்னதில்லை."

"உங்களுக்கு இவர் கிடைத்தார். என் படத்துக்கு முந்நூறு பேர் சிரித்தார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?"

"அதில் ஒருவரையும் உங்களுக்குத் தெரியாதா?"

"ஹாஜரா சிரித்தாள்."

"உங்கள் வீட்டுக்கு இளைய மனைவி வந்து எத்தனை வருடம்?"

"பத்தொன்பது."

"அன்றைக்கு ஹாஜரா என்ன செய்தார்?"

யாக்குபு நினைத்துப் பார்த்தார். மேளம் நினைவிருந்தது. விருந்தாளிகள், தான் உடுத்தியிருந்த வெள்ளை அங்கி, எல்லாம் நினைவிருந்தன. எதிலும் ஹாஜரா இல்லை.

"தெரியவில்லை, மாலம்."

லாவன் மாசாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று சாயங்காலம் ஹாஜரா முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். யாக்குபு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து அந்த நாளைப் பற்றிக் கேட்டார். முறம் நின்றது.

"எதற்கு, படத்துக்கா?"

"வரும்போது படத்துக்காகத்தான் வந்தேன். இப்போது எனக்கே தெரிய வேண்டும்போல இருக்கிறது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம் மூத்த மகளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். உள்ளே அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் மேளம் கேட்டது. 'யாருக்கம்மா கல்யாணம்?' என்றாள். பக்கத்து வீட்டில் என்றேன். 'நாமும் போகலாமா?' என்றாள். காய்ச்சல் விடட்டும், போகலாம் என்றேன்."

யாக்குபு தலை குனிந்திருந்தார்.

"பாத்திரம் ஒன்றும் உடையவில்லை," என்றாள். "அதெல்லாம் என் அம்மா கொடுத்தது. உங்களுக்காக அதை எதற்கு உடைக்கவேண்டும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவளும் சிரித்தாள். மாலைத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது அவள் சொன்னாள்: "வேண்டுமானால் படத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணைக் கத்தச் சொல்லாதீர்கள்."

விடிந்ததும் யாக்குபு நகரத்தின் மறுகோடிக்குப் போனார். லாவன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மாலம், உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்."

"உள்ளே வாருங்கள்."

யாக்குபு எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று வந்த இடத்தில் லாவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் காட்சியை மறுபடி எடுக்கப்போகிறேன்," என்றார் யாக்குபு. "இப்போது எடுக்க முடியும் என்று தோன்றுகிறது. நீங்கள் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன்."

"நான் மாசா வாங்கிக் கொடுத்தேன்," என்றார் லாவன். "இவ்வளவு தூரம் வந்து எனக்கு நன்றி சொல்கிறீர்கள். ஹாஜராவிடம் சொன்னீர்களா?"

யாக்குபு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.